பயண முகவர் பலகையில் எழுதியிருப்பது என்ன? – வாசகர் கேள்வி பதில்

பயண முகவர்கள், விமான டிக்கெட், சுற்றுலாப் பேக்கேஜ் ஆகியவை பற்றி அண்மையில் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் அளிக்கிறோம். எழுதியவர்களில் பலர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டுமே தந்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் இரண்டு டிராவல்ஸ் கடைகள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்றின் பலகையில் 'ஐயாட்டா அங்கீகாரம் பெற்றது' என்று சின்னத்தோடு எழுதியிருக்கிறார்கள். மற்றதில் இல்லை. ஐயாட்டா என்பது அரசாங்க உரிமமா? அது இல்லாத கடையில் வாங்கும் டிக்கெட் செல்லாதா?
– வாசகர், கும்பகோணம்

அரசாங்க உரிமமும் அல்ல. அது இல்லாத கடையில் வாங்கிய டிக்கெட் செல்லாமல் போவதும் இல்லை. ஐயாட்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், விமான நிறுவனங்கள் தமக்காக அமைத்துக்கொண்ட ஒரு சங்கம். 1919-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் தொடங்கிய பழைய சங்கம் ஒன்றின் தொடர்ச்சியாக, 1945 ஏப்ரலில் கியூபாவின் ஹவானா நகரில் இது நிறுவப்பட்டது. தலைமையகம் கனடாவின் மான்ட்ரியலில் இருக்கிறது. ஏறத்தாழ 350 விமான நிறுவனங்கள் இதில் உறுப்பினர்களாக உள்ளன.

அதே மான்ட்ரியலில்தான் ஐகாவோ எனப்படும் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் இருப்பதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஐகாவோ 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையால் உருவான, அரசுகளை உறுப்பினர்களாகக் கொண்ட ஐக்கிய நாடுகள் அமைப்பின் கிளை. சென்னை விமான நிலையத்தைக் குறித்து உங்கள் டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் வரும் 'எம்ஏஏ' என்ற மூன்றெழுத்து ஐயாட்டா கொடுத்தது. விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தினரும் பயன்படுத்தும் 'விஓஎம்எம்' என்ற நான்கெழுத்து ஐகாவோ முறைப்படி அமைந்தது.

முகவர்களுக்கு ஐயாட்டா அங்கீகாரம் தருவதற்கான காரணம் பணம்தான். முகவர் பல நிறுவனங்களின் டிக்கெட்டுகளை விற்றுப் பயணிகளிடமிருந்து பணத்தை வாங்கி வைத்திருக்கிறார். அது ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். இதற்காக 1971-இல் ஜப்பானில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டு உலகெங்கும் பரவிய ஏற்பாடுதான் பிஎஸ்பி எனப்படும் பில்லிங் அண்ட் செட்டில்மென்ட் பிளான். முகவர் எத்தனை நிறுவனங்களின் டிக்கெட்டை விற்றிருந்தாலும், குறித்த தவணை நாளில் மொத்தத் தொகையை ஒரே இடத்தில் செலுத்திவிடுகிறார். அங்கிருந்து அது பிரித்து அனுப்பப்படுகிறது. தவணை தவறினால் டிக்கெட் வெளியிடும் அதிகாரம் நிறுத்தப்படும். ஆகவேதான் அங்கீகாரம் கேட்டு வருபவரின் நிதிநிலை அறிக்கையைப் பார்த்து, வங்கி உத்தரவாதம் போன்ற பிணையையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். அந்தச் சின்னம் விமான நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்கான பாதுகாப்பே தவிர, நீங்கள் முகவரிடம் கொடுத்த பணத்துக்கான உத்தரவாதம் அல்ல. இருந்தாலும், கணக்குவழக்கு ஒழுங்காக இருப்பதாக ஒருவர் பரிசோதித்திருக்கிறார் என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு. அங்கீகாரம் பெற்ற முகவருக்கு எட்டு இலக்கக் குறியீட்டு எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி ஐயாட்டாவின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: டிட்ஸ் என்ற பெயரிலும் ஐயாட்டா எண் தருகிறது. அது விற்பனையாளரை அடையாளம் காட்டுவதற்கான எண் மட்டுமே. டிக்கெட் வெளியிடும் அதிகாரம் அதில் இல்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டே பெரிய எழுத்தில் ஐயாட்டா என்று பலகை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

சின்னம் இல்லாத எதிர்க்கடைக்காரர், அங்கீகாரம் பெற்ற மொத்த விற்பனையாளர் ஒருவரிடமிருந்து, அதாவது கன்சாலிடேட்டரிடமிருந்து, டிக்கெட் எடுத்துத் தருவார். சிறிய ஊர்களில் பெரும்பாலான கடைகள் இயங்குவது இப்படித்தான். பிடுபி போர்ட்டல் எனப்படும், முகவர்களுக்கான டிக்கெட் இணையதளம் ஒன்றின் வாலட்டில் முன்கூட்டியே பணத்தைப் போட்டு வைத்திருந்து, டிக்கெட் போடப் போட அதிலிருந்து கழியவிடுவார்கள். டிக்கெட் செல்லும். பணம் திரும்பி வர வேண்டிய நிலை ஏற்பட்டால் மட்டும் அது இன்னொரு கை மாறி வர வேண்டியிருக்கும்.

கோலாலம்பூர் செல்ல முகவரிடம் முழுப் பணமும் கட்டிவிட்டேன். ஆறு எழுத்துகள் கொண்ட பிஎன்ஆர் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். விமான நிறுவனத்தின் இணையதளத்தில் அதைப் போட்டால் பதிவு எதுவும் இல்லை என்று வருகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், புதுக்கோட்டை

அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். ஆனால் இன்றே விசாரித்துவிடுங்கள். முகவரின் கணினி அமைப்பில் உருவாகும் பிஎன்ஆர் ஒன்று. அதே பதிவுக்கு விமான நிறுவனத்தின் சொந்த அமைப்பில் உருவாகும் பிஎன்ஆர் வேறொன்று. சில நிறுவனங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், பலவற்றுக்கு இருக்காது. நிறுவனத்தின் இணையதளம் தன்னுடைய எண்ணைத்தான் அடையாளம் காணும். ஆகவே, 'ஏர்லைன் பிஎன்ஆர் கொடுங்கள்' என்று முகவரிடம் கேளுங்கள்; ஒரு நிமிட வேலை அது.

அதைவிட முக்கியமானது டிக்கெட் எண். பிஎன்ஆர் என்பது இருக்கைக்கான பதிவு மட்டுமே. பதிவு செய்து, பணம் கட்டாமலேயே சில மணி நேரமோ சில நாட்களோ இருக்கையை நிறுத்தி வைக்க முடியும். அந்தப் பதிவின் அச்சுப்பிரதியில் 'எச்கே' என்ற குறி இருந்தால் இருக்கை உறுதி என்று பொருள்; 'எச்எல்' என்றால் காத்திருப்புப் பட்டியல். எச்கே என்று இருப்பதைப் பார்த்துவிட்டு டிக்கெட் கையில் வந்துவிட்டதாகப் பலர் நம்பிவிடுகிறார்கள். டிக்கெட் வெளியிடுவதற்கான கெடு முடிந்ததும் அந்தப் பதிவு தானாகவே ரத்தாகிவிடும். விசா விண்ணப்பத்துடன் இணைப்பதற்காகப் பலரும் வாங்கும் 'டம்மி டிக்கெட்' என்பதும் பெரும்பாலும் இத்தகைய பதிவுதான்.

டிக்கெட் உண்மையிலேயே வெளியிடப்பட்டிருந்தால் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியாவுக்கு 098, ஸ்ரீலங்கனுக்கு 603, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, எமிரேட்ஸுக்கு 176. காகித டிக்கெட்டுகளை ஐயாட்டா 2008 ஜூன் 1 முதல் கைவிட்டுவிட்டதால், இப்போது டிக்கெட் என்பது விமான நிறுவனத்தின் கணினியில் இருக்கும் மின்பதிவுதான்; உங்கள் கையில் இருக்கும் தாள் அதன் நகல். பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்தப் பதிவில் ஒரு கூப்பன் உண்டு. பயணம் செய்வதற்கு முன் அதன் நிலை 'ஓபன் ஃபார் யூஸ்' என்று இருக்க வேண்டும். 'வாய்ட்' என்றோ 'ரிஃபண்டட்' என்றோ இருந்தால், அச்சடித்த தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விமான நிலையத்தில் உள்ளே விட மாட்டார்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, டிக்கெட் எண்ணைச் சொல்லி நிலையைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

குறைந்த கட்டண விமான நிறுவனங்கள் சிலவற்றில் இந்த 13 இலக்க முறை கிடையாது. பணம் கட்டினால்தான் பதிவே உறுதியாகும் என்பதால் அங்கு பிஎன்ஆர் மட்டும் போதும். உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.

ஒரே விமானம், ஒரே நாள், ஒரே வகுப்பு. மூன்று முகவர்கள் மூன்று விலை சொல்கிறார்கள். இதில் யார் சொல்வது உண்மை?
– வாசகி, திருப்பூர்

மூவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். 'எகானமி' என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் இருக்கைகளை விமான நிறுவனம் பத்துக்கும் மேற்பட்ட விலைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்து வைத்திருக்கும். கீழ்ப்படி இருக்கைகள் விற்றுத் தீர்ந்தால் அடுத்த படி திறக்கும். காலையில் விலை கேட்டவருக்கும் மாலையில் கேட்டவருக்கும் இடையில் அந்தப் படி மாறியிருக்கலாம். கட்டணம் குறைந்த படியில் பெட்டிக்கான எடை அளவு குறைவாகவும், ரத்துக் கட்டணம் கூடுதலாகவும் இருப்பதும் வழக்கம்.

இந்த விலைகளை முகவருக்குக் காட்டும் அமைப்புக்கு ஜிடிஎஸ் என்று பெயர். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து 1960-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சேபர்தான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி. ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்ஏஎஸ் ஆகிய ஐரோப்பிய நிறுவனங்கள் 1987-இல் அமேடியஸை உருவாக்கின. நம்மூர்க் கடைகளில் நீண்ட காலமாகக் கேட்டுப் பழகிய கலிலியோ இன்று டிராவல்போர்ட் என்ற நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. இந்த இடைநிலை அமைப்புகளுக்குக் கட்டணம் செலுத்துவதை விரும்பாத விமான நிறுவனங்கள், 2012-இல் ஐயாட்டா அறிமுகப்படுத்திய என்டிசி என்ற தரவு முறையின் வழியாகத் தங்கள் சலுகை விலைகளை நேரடியாக முகவர்களுக்குத் தரத் தொடங்கியிருக்கின்றன. ஒரு கடையில் தெரியும் விலை இன்னொரு கடையில் தெரியாமல் போவதற்கு இப்போது இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மேல் முகவரின் கூலி இருக்கிறது. முன்பெல்லாம் டிக்கெட் விலையில் ஒரு சதவீதத்தை விமான நிறுவனமே முகவருக்குக் கமிஷனாகக் கொடுத்தது. இந்தியாவில் 2008-ஆம் ஆண்டின் இறுதியில் பெரிய நிறுவனங்கள் பல அதை நிறுத்திவிட்டன. அதன் பிறகு முகவர்கள் பயணியிடம் சேவைக் கட்டணம் வாங்கியும், விற்பனை இலக்கை எட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகையை நம்பியும் தொழில் நடத்துகிறார்கள். சேவைக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. அதை டிக்கெட் விலைக்குள் ஒளித்து வைப்பதில்தான் தவறு இருக்கிறது. அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், விமான நிலையக் கட்டணங்கள், வரி, முகவரின் சேவைக் கட்டணம் என்று பிரித்துப் போட்ட ரசீதைக் கேளுங்கள். தயங்காமல் தருபவரிடம் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் அது நஷ்டமில்லை என்பது என் கருத்து.

என் பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. 'சர்நேம்' என்ற இடம் காலியாக உள்ளது. டிக்கெட்டில் என் பெயரை இரண்டு முறை அச்சடித்திருக்கிறார்கள். பிரச்சினை வருமா?
– வாசகி, தூத்துக்குடி

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கென்றே ஏற்படும் தொல்லை இது. முன்பதிவு அமைப்புகள் எல்லாமே குடும்பப் பெயர், ஒரு சாய்கோடு, அதன்பின் இயற்பெயர், மிஸ்டர், மிஸ் போன்ற அடைமொழி என்ற வரிசையில்தான் பெயரை ஏற்கும். இரண்டில் ஒன்றைக் காலியாக விட முடியாது. அந்த இடத்தை நிரப்ப ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. சிலர் அதே பெயரைத் திரும்பப் போடச் சொல்வார்கள். சிலர் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான எஃப்என்யு என்ற எழுத்துகளைப் போடச் சொல்வார்கள். ஆகவே பெயர் இரண்டு முறை வந்திருப்பதே தவறு என்று சொல்ல முடியாது. உங்கள் நிறுவனத்தின் விதிப்படிதான் போட்டிருக்கிறாரா என்பதை மட்டும் முகவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். டிக்கெட் வெளியிட்ட பிறகு பெயரில் எழுத்துப் பிழை திருத்தவும் சில நிறுவனங்கள் கட்டணம் கேட்கும்.

விமான நிறுவனத்தின் விதி ஒன்று, போகும் நாட்டின் விதி வேறு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது. பின்னர், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. அடிக்கடி வெளிநாடு செல்பவராக இருந்தால், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது இன்ஷியலின் விரிவைச் சர்நேம் இடத்தில் சேர்த்துவிடுவதே நல்லது. ஆதார், பான், வங்கிக் கணக்கு ஆகியவற்றிலும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அவசரப் பயணத்துக்கு முன் இதில் கை வைக்க வேண்டாம்.

சுற்றுலாப் பேக்கேஜ் கேட்டால், 'சிபி பிளான், ட்வின் ஷேரிங், எஸ்ஐசி, லேண்ட் மட்டும்' என்று ஒரு தாளை அனுப்புகிறார்கள். தமிழில் சொல்லுங்களேன்.
– வாசகர், காரைக்குடி

விடுதி உணவில் நான்கு திட்டங்கள் உண்டு. இபி என்றால் அறை மட்டும். சிபி என்றால் அறையுடன் காலை உணவு. எம்ஏபி என்றால் காலை உணவோடு இன்னொரு வேளை; நம் நாட்டுப் பேக்கேஜ்களில் அது பெரும்பாலும் இரவு உணவு. ஏபி என்றால் மூன்று வேளையும். மலைப்பிரதேசங்களில் விடுதிக்கு வெளியே இரவில் சாப்பாடு தேடி அலைவது சிரமம் என்பதால் அங்கு எம்ஏபி எடுப்பது புத்திசாலித்தனம்; பெரிய நகரங்களில் சிபி போதும்.

ட்வின் ஷேரிங் என்பது ஓர் அறையில் இருவர் தங்குவார்கள் என்ற கணக்கில் தலைக்குச் சொல்லப்படும் விலை. தனியாகப் போகிறவர் அந்த விலையைத் தனக்கும் பொருத்தி நினைத்துக்கொண்டு போய் ஏமாற்றம் அடைவார். அவருக்குத் தனிநபர் கூடுதல் கட்டணம் உண்டு. குழந்தைகளுக்குத் தனிப் படுக்கையுடன் ஒரு விலையும் படுக்கை இல்லாமல் ஒரு விலையும் இருக்கும். எஸ்ஐசி என்றால் பல குழுக்களோடு சேர்ந்து பொதுப் பேருந்தில் போவது. ஒவ்வொரு விடுதியாக நின்று ஆள் ஏற்றுவதால் காலையில் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். 'பிரைவேட்' என்று எழுதியிருந்தால் உங்களுக்கெனத் தனி வண்டி. 'லேண்ட் மட்டும்' என்றால் விமான டிக்கெட் அந்த விலையில் அடங்காது.

வெளிநாட்டுப் பேக்கேஜில் அங்கே வண்டி, வழிகாட்டி, விடுதி ஆகியவற்றை ஏற்பாடு செய்வது பெரும்பாலும் உங்கள் முகவர் அல்ல. டிஎம்சி எனப்படும் உள்ளூர் நிறுவனம் ஒன்று. முகவர் அதற்குப் பணம் அனுப்பியதும் வவுச்சர் வரும். புறப்படுவதற்கு முன்பே அந்த வவுச்சரில் உள்ள உறுதி எண்ணைக் கொண்டு விடுதிக்கே மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நள்ளிரவில் பாஸ்போர்ட்டை நீட்டியபடி வரவேற்பு மேசை முன் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு 2020 அக்டோபர் 1 முதல் டிசிஎஸ் என்ற பெயரில் வருமான வரித்துறைக்காக ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. அதன் விகிதம் பட்ஜெட்டுகளில் பலமுறை மாறியிருப்பதால் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது செலவு அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ கூடியது. பான் எண்ணைக் கேட்காமலேயே டிசிஎஸ் என்று பணம் வாங்கினால் சந்தேகப்படலாம்.

டிராவல்ஸ் அலுவலகச் சுவரில் ஏழெட்டுச் சங்கங்களின் சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இவற்றில் எது எதற்கு?
– வாசகர், வேலூர்

இந்தியாவில் இவற்றில் மூத்தது 1951-இல் தொடங்கிய இந்தியப் பயண முகவர்கள் சங்கம். பயண முகவர்களின் கூட்டமைப்பான டாஃபி 1986-இல் வந்தது. வெளிநாட்டுப் பயணிகளை இந்தியாவுக்கு வரவழைத்துச் சுற்றிக் காட்டும் நிறுவனங்களுக்கென 1982-இல் அமைந்தது ஐயாட்டோ. ஐயாட்டாவோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. உள்நாட்டுச் சுற்றுலா நடத்துபவர்களின் சங்கம் 1996-இல் தொடங்கியது. இந்தியர்களை வெளிநாடு அழைத்துச் செல்பவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. பசிபிக் ஆசியப் பயணச் சங்கமான பாட்டாவும் 1951-இல் தொடங்கியதுதான். அதன் தலைமையகம் பாங்காக்கில் உள்ளது. நாடுகளின் முகவர் சங்கங்களை இணைத்து 1966-இல் ரோமில் உருவான கூட்டமைப்புக்கு உஃப்டா என்று பெயர். மாட்ரிட்டில் இயங்கும் ஐநா சுற்றுலா அமைப்பு அரசுகள் உறுப்பினர்களாக உள்ள அமைப்பு; ஒரு தனிக் கடைக்கு அது உரிமம் வழங்குவதில்லை. செப்டம்பர் 27-ஐ உலகச் சுற்றுலா தினமாக நாம் கொண்டாடுவது அந்த அமைப்பின் சாசனம் ஏற்கப்பட்ட நாளை ஒட்டித்தான்.

இவை அனைத்தும் தொழில் செய்பவர்களின் நலன் காக்கும் சங்கங்கள். உறுப்பினரைப் பற்றிப் புகார் வந்தால் சில சங்கங்கள் பேசித் தீர்க்க உதவும். ஆனால் உங்களுக்குப் பணம் தர வேண்டிய கடமை அவற்றுக்கு இல்லை. சுவரில் நான் முதலில் தேடுவது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரச் சான்றிதழைத்தான். அதைப் பெறுவது கட்டாயமல்ல, விருப்பத்தின் பேரில்தான் என்றாலும், அலுவலகம், பணியாளர்கள், கணக்குகள் ஆகியவற்றைப் பார்த்தே வழங்கப்படுகிறது. காலாவதித் தேதியும் உண்டு. சட்டத்துக்குள் மஞ்சள் பூத்திருக்கும் சான்றிதழில் அந்தத் தேதியைப் படித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு எண் சுவரில் இல்லாவிட்டாலும் ரசீதில் இருக்க வேண்டும்.

பக்கத்து ஊர் டிராவல்ஸ் ஒன்றில் வளைகுடாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி என் தம்பியிடம் பணம் கேட்கிறார்கள். முதலில் விசிட் விசாவில் போய்விட்டு, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், இராமநாதபுரம்

நம்ப வேண்டாம். டிக்கெட் விற்பதற்கு அரசின் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதற்கு 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் கட்டாயம். ஐயாட்டா அங்கீகாரமோ சங்க உறுப்பினர் சான்றிதழோ இதற்கு ஈடாகாது. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர்களின் பெயர்களும், பதிவில்லாமல் தொழில் நடத்துவதாகப் புகார் வந்தவர்களின் பெயர்களும் வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் உள்ளன. அந்தக் கடையின் பெயர் அதில் இல்லாவிட்டால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

பதிவு பெற்ற முகவரும் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு ரூ.30,000-மும் அதன் மேல் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது; ரசீது தர வேண்டும். உங்கள் தம்பி பத்தாம் வகுப்புத் தேறாதவராக இருந்தால் அவருடைய பாஸ்போர்ட் ஈசிஆர் வகையில் இருக்கக்கூடும். அத்தகையவர்கள் அரசு அறிவித்துள்ள நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற்றாக வேண்டும். விசிட் விசாவில் அனுப்புவதாகச் சொல்வதே இந்த அனுமதியையும் வேலை ஒப்பந்தத்தையும் தவிர்ப்பதற்காகத்தான். அப்படிப் போகிறவருக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லை, பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் ரூ.10 லட்சம் காப்பீடு இல்லை, சம்பளம் கொடுக்காவிட்டால் அங்கே முறையிடுவதற்கு வழியும் இல்லை. குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அங்கே கேட்டுவிடுங்கள்.

இலங்கையிலும் முகவருக்கு உரிமம் தேவையில்லையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் நாட்டில் நிலைமை வேறு. 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் பயண முகவர் நிலையங்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். வேலைக்கு அனுப்பும் முகவர்களுக்கு 1985-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. இரண்டும் தனித்தனி என்பது அங்கேயும் பொருந்தும்.

தாமஸ் குக் திவாலாகிவிட்டது என்று படித்தேன். ஆனால் நம் ஊரில் அதே பெயரில் அலுவலகம் இயங்குகிறதே?
– வாசகர், சேலம்

திவாலானது பிரிட்டன் நிறுவனம். மதுவிலக்குப் பிரசாரகரான தாமஸ் குக், 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு சுமார் 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துச் சென்றதைத்தான் இந்தத் தொழிலின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அவர் பெயரில் வளர்ந்த நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று மூடப்பட்டது. இந்தியாவில் 1881 முதல் இயங்கி வரும் தாமஸ் குக், 2012-இலேயே கனடாவின் ஃபேர்ஃபேக்ஸ் குழுமத்தின் கைக்கு வந்துவிட்டதால் அந்த வீழ்ச்சியில் சிக்கவில்லை.

அந்த வீழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. நிறுவனம் மூடப்பட்ட அன்று வெளிநாடுகளில் சிக்கியிருந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிரிட்டன் பயணிகளை அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் விமானங்களை வாடகைக்கு அமர்த்தித் திரும்ப அழைத்து வந்தது. அங்கே 1970-களிலிருந்தே அட்டோல் என்ற திட்டம் இருக்கிறது. விமானப் பயணம் அடங்கிய பேக்கேஜை விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று ஒரு பொது நிதியில் செலுத்த வேண்டும். நிறுவனம் நொடித்தால் அந்த நிதியிலிருந்து பயணியின் பணம் திரும்பும். அத்தகைய பொது நிதி இந்தியாவில் இல்லை. சங்கங்கள் ஆண்டுதோறும் மாநாடு கூட்டி வரிச்சலுகை கேட்கின்றன. பயணிகளுக்காக இப்படி ஒரு நிதியை ஏற்படுத்துவது பற்றியும் அவை பேசினால் நன்றாக இருக்கும். அதுவரை, முழுத்தொகையையும் மாதக்கணக்கில் முன்னதாகக் கொடுத்துவிடாமல், டிக்கெட் எண்ணும் வவுச்சரும் வர வர தவணையாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

குடும்பச் சூழ்நிலையால் டிக்கெட்டை ரத்து செய்தேன். 'நான்-ரிஃபண்டபிள், ஒரு ரூபாய்கூட வராது' என்கிறார் முகவர். விமான நிறுவனத்தைக் கேட்டால் முகவரையே கேளுங்கள் என்கிறார்கள்.
– வாசகி, திருநெல்வேலி

இருவர் சொல்வதும் விதிக்கு முரணானது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிப்படி, பணம் திரும்பாத சலுகைக் கட்டண டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் செய்யாத பட்சத்தில் அரசு வரிகளையும் பயணிகள் சேவை, விமான நிலைய மேம்பாடு போன்ற கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும். ரத்துக் கட்டணம் எக்காரணத்தைக் கொண்டும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. முகவர் வழியாக வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. முகவர் அதன் பிரதிநிதி என்று அந்த விதியே சொல்கிறது. முகவர் தம் சேவைக் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம், அதையும் டிக்கெட் போடும்போதே சொல்லியிருந்தால்.

டிக்கெட் எண், ரத்து செய்த தேதி, முகவருக்குப் பணம் அனுப்பிய சான்று ஆகிய மூன்றையும் இணைத்து, விமான நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முகவருக்கும் அதில் ஒரு நகல் போகட்டும். விமான நிறுவனம் முகவரின் கணக்கில் ஏற்கெனவே பணத்தை வரவு வைத்துவிட்டது என்பது பல நேரங்களில் இந்த மின்னஞ்சலுக்கு வரும் பதிலில்தான் தெரியவரும். பதில் வராவிட்டால் மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் புகாரைப் பதியலாம். முகவரே பணத்தை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே நீங்கள் மனுக் கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முகவரின் கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே அந்த மனுவைத் தாக்கல் செய்ய முடியும்.